சொல்லிக்கொடுத்த கண்ணுக்குக் கூலி எங்கே?

'நான்காவது தொழிற்புரட்சி' என்று கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 2018-இல் அரசாங்கம் 'இண்டஸ்ட்ரி ஃபார்வர்ட்' கொள்கையை அறிவித்ததிலிருந்து மேடைக்கு மேடை இதே பேச்சுதான். "திறனை வளத்துக்குங்க" என்கிறார்கள். திறன் இல்லாமலா இத்தனை வருஷம் ஃபேக்டரி ஓடிச்சு?

1972-இல் பினாங்குக்கு இண்டெல் வந்தது. அங்கே மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியை சிப்பில் இணைத்தவர்கள் பெண்கள். பிறகு அந்த வேலை மெஷினுக்குப் போனது. இப்போது பழுது பார்க்கும் கண்ணும் கேமராவுக்குப் போகிறது. ஆனால் கேமரா தானாகக் கற்பதில்லை. 'இது நல்லது, இது கழிவு' என்று படம் படமாக யாராவது சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் லைனில் பல வருஷம் நின்ற ஆபரேட்டர்தான். அவருடைய அறிவு முதலாளியின் சொத்தாகிறது. அவருக்கு அன்றைய சம்பளம் மட்டும்.

மெஷினே வேண்டாம்னு நான் சொல்லலை. கண்ணைக் கெடுக்கும் வேலை போகட்டும். லாபத்தில் அவருடைய பங்கு எங்கே? இதைக் கேட்க வேண்டியது தொழிற்சங்கம். மின்னணுத் துறையிலோ 1988 வரை சங்கமே கூடாது. பிறகும் நிறுவனத்துக்குள் மட்டும். வட்டாரச் சங்கத்துக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோட்டங்களை மேம்பாட்டுக்கு எடுத்தபோது 'வளர்ச்சி' என்றார்கள். வேலையோடு வீடும் போனது. இப்போது 'டிஜிட்டல்' என்கிறார்கள். இந்தத் தடவை கைதட்டுவதற்கு முன்னால் கணக்குக் கேட்போம்.