தோள் கொடுக்கவும் தெரிய வேண்டும்

முன்வரிசைக்குப் பயிற்சி பெற்ற ஆள் இல்லையென்றால் போட்டியில்லா ஸ்க்ரம்தான், அதாவது இரு அணியும் கோத்து நின்றும் தள்ளாத ஸ்க்ரம்தான், ஆட வேண்டும் என்ற விதியை கிளப் ரக்பியிலிருந்து தூக்கி எறியச் சொல்லி நண்பர் எழுதியிருக்கிறார். அதற்கு அவர் கூப்பிடும் முதல் சாட்சி லான்ஹாரன் வழக்கு. அடிபட்ட தோழனின் இடத்தில் தோள் கொடுக்க ஒருவன் முன்வந்தான்; வயதுவந்தவர்கள் தெரிந்தே ஆடினார்கள்; பிறகு நீதிமன்றம் வந்து, ஓடியோடி விசில் ஊதும் நடுவரின் தலையில் பழியைப் போட்டது; இனி கிளப் ரக்பிக்கு நடுவரே கிடைக்கமாட்டார். இதுதான் அவர் சொல்லும் கதை. கதையில் முக்கால்வாசியை விட்டுவிட்டார். விட்ட இடத்தில்தான் வழக்கே இருக்கிறது.

1998 ஜனவரியில், தெற்கு வேல்ஸில், லான்ஹாரன் கிளப்பின் இரண்டாம் அணியும் டோண்டு கிளப்பின் இரண்டாம் அணியும் சேற்று மைதானத்தில் மோதின. அரை மணி நேரம் போனதும் லான்ஹாரனின் லூஸ்ஹெட் ப்ராப்புக்கு, அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவருக்கு, தோள்பட்டை விலகியது. அவர் இடத்துக்குப் பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேறு யாருக்காவது தகுதி உண்டா என்று நடுவர் கேப்டனோடு பேசித் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் தள்ளாமல் ஸ்க்ரம் ஆட வேண்டும் என்பது அப்போதே விதிப் புத்தகத்தில் இருந்தது. நடுவர் தகுதியைத் துருவிக் கேட்கவில்லை. முடிவை அணியிடமே விட்டார். போட்டியில்லா ஸ்க்ரமைக் கேட்டால், ஜெயித்தாலும் லீக் புள்ளி கிடையாது என்றும் சொன்னார். முன்வரிசைக்காரர் அல்லாத ஒரு ஃப்ளாங்கர், "நான் நின்று பார்க்கிறேன்" என்ற அளவில் முன்வந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் நடந்த ஒரு ஸ்க்ரமில் இரண்டு முன்வரிசைகளும் சரியாகப் பொருந்தாமல் மோதின. முன்வரிசையின் நடுவில் நின்ற லான்ஹாரனின் ஹூக்கருக்குக் கழுத்து மூட்டு விலகித் தண்டுவடம் சிதைந்தது. கைகால் நான்கையும் பாதித்த முடக்கம், வாழ்நாள் முழுவதற்கும்.

முன்வந்தவர் ஃப்ளாங்கர். கழுத்து ஹூக்கருடையது. "தெரிந்தே ஆடினார்கள்" என்று நண்பர் எழுதும்போது யாரைச் சொல்கிறார்?

நான் இரண்டு சீசன் ஹூக்கராக நின்றவன். அந்த இடம் எப்படிப்பட்டது என்று அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு கைகளும் இரு பக்கத்து ப்ராப்களின் தோள்மேல் போய், அவர்கள் ஜெர்சியை இறுக்கிப் பிடித்திருக்கும். தலை எதிரணிக்காரர்களின் தலைகளுக்கு நடுவே செருகியிருக்கும். முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் தள்ளுகிறார்கள், எதிரே எட்டுப் பேர். தெருவில் கால் தடுக்கினால் கை தானாக முன்னே வந்து தரையை ஊன்றும். ஹூக்கருக்கு அந்தக் கை கிடையாது. விழுந்தால் தலைதான் முதலில் தரையைத் தொடும். ஆகவே என் உயிர் இடப்பக்கத்து ப்ராப்பின் இடது கையில் இருந்தது. அந்தக் கை எதிராளியின் முதுகை நீளப் பிடித்து, முழங்கை மேலே நின்றால் ஸ்க்ரம் நிற்கும். முழங்கை தரையைப் பார்க்கத் தொடங்கினால் அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தொங்குகிறான் என்று பொருள். அடுத்த நொடி எல்லோரும் கீழே. இதை மாதக்கணக்கில் ஸ்க்ரம் மெஷினில் முட்டி முட்டித்தான் ஒருவன் கற்கிறான். "உடம்பில் வலு இருந்தால் போதும்" என்பது ஸ்க்ரமுக்குள் ஒருநாளும் தலை கொடுக்காதவர் எழுதும் வாக்கியம். பழகாத வலு பழகாத பலவீனத்தைவிட ஆபத்தானது. அது கோணலாகத் தள்ளும்.

அடுத்தது, நொடியில் எடுக்கும் முடிவுக்கு நடுவரைக் கூண்டில் ஏற்றினார்கள் என்பது. இது தவறான தகவல், அதைத் திருத்தாமல் விட முடியாது. அந்த முடிவு ஆட்டம் நின்றிருந்தபோது எடுக்கப்பட்டது. யோசிக்க நேரம் இருந்தது, கேட்க ஆள் இருந்தது, புரட்ட விதிப் புத்தகம் இருந்தது. 2003 மார்ச்சில் லார்ட் ஃபிலிப்ஸ் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவருக்கு எதிரான தீர்ப்பை உறுதிசெய்ததற்கு இதுவே அடிப்படை. ஆட்டத்தின் வேகத்தில் கண் தவறுவதை யாரும் குற்றமாக்கவில்லை. நடுவரின் செயலுக்கான பொறுப்பை வேல்ஸ் ரக்பி யூனியனும் ஏற்றுக்கொண்டது. அந்தத் தனி மனிதர் வீட்டை விற்று நஷ்டஈடு கட்ட வேண்டும் என்பதுபோல் நண்பர் எழுதியிருப்பது வாசகரைப் பயமுறுத்தும் வேலை.

ரக்பியில் அடிபடுவது விதி, சட்டம் எழுதி அதை மாற்ற முடியாது என்கிறார். நியூசிலாந்து மாற்றியது. 2001 முதல் பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்தே தீர வேண்டும் என்று ரக்பிஸ்மார்ட் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2005 வரையான ஐந்து ஆண்டுகளில், பழைய கணக்குப்படி ஸ்க்ரமில் ஒன்பது கடுமையான தண்டுவடக் காயங்களை எதிர்பார்க்கலாம், நடந்தது ஒன்று. பிறகு பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மோதுவதற்கு முன்பே ப்ராப்கள் எதிராளியைப் பிடித்துக்கொண்டால் மோதலின் விசை ஏறத்தாழ கால்பங்கு குறைவதை அளந்து காட்டினார்கள். இன்று எல்லா மைதானங்களிலும் கேட்கும் "க்ரவுச், பைண்ட், செட்" 2013இல் வந்தது அப்படித்தான். எட்டுப் பேரின் கழுத்தைத் தலையெழுத்து என்று ஒதுக்குகிறவர் இந்த இரண்டையும் படித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

ஒன்றில் மட்டும் அவர் சொல்வது சரி. ஸ்க்ரமில் தோற்கும் அணி, காயம் என்று பொய் சொல்லிப் போட்டியில்லா ஸ்க்ரமுக்குத் தப்பிப்பது உண்டு. கேவலமான ஏமாற்று வேலை அது. அதற்குப் பல போட்டிகளில் மருந்தும் இருக்கிறது: ஆள் இல்லாமல் செய்த அணி ஓர் ஆட்டக்காரரைக் குறைத்துக்கொண்டு ஆட வேண்டும். ஏமாற்றியவனுக்கு வலிக்கும், யார் கழுத்தும் உடையாது. லான்ஹாரன் கேப்டன் முன் வைக்கப்பட்டதோ வேறு கணக்கு: ஒரு பக்கம் லீக் புள்ளி, இன்னொரு பக்கம் தன் அணிக்காரன் கழுத்து. இருபத்தைந்து வயதுக்காரர்கள் சேற்றில் நின்று மூச்சு வாங்கும் நேரத்தில் இதில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது விளையாடிய எவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தத் தேர்வை அவர்களிடம் கொடுக்கக் கூடாது. புள்ளி பறிக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி நண்பர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

முன்வந்த ஃப்ளாங்கரின் துணிச்சலை அவர் நான்கு பத்திகளில் புகழ்கிறார். ஹூக்கர் என்ற சொல் கட்டுரையில் ஒரே இடத்தில் வருகிறது, பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர் என்று விளக்கம் சொல்வதற்காக.