கோணலாய் ஓடும் பந்து

மாத்தூர்த் தெருப் புழுதியில் குழி தோண்டிக் கோலி ஆடும் பிள்ளைகளைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியோர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறோம். ஏறக்குறைய அந்த இனத்தைச் சேர்ந்த ஓர் ஆட்டத்தில்தான், 2022ஆம் வருஷம் ஆகஸ்டு 2ந் தேதி, நம் தேசத்துப் பெண்மணிகள் நால்வர் பர்மிங்ஹாம் காமன்வெல்த் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றார்கள்.

'லான் பௌல்ஸ்' என்பது அதன் பெயர். சமன் செய்த புல்தரையில் முதலில் ஒரு சிறு பந்தை உருட்டி விடுவார்கள். சுமார் ஒன்றரைக் கிலோ கனமுள்ள பெரிய பந்துகளை அதற்கு மிக அருகில் கொண்டு நிறுத்த வேண்டும். பெரிய பந்து ஒரு பக்கமாய் வளைந்து ஓடும்படியே செய்யப்பட்டது. ஆகையால் நேரே குறி வைத்தவர் பாடு திண்டாட்டந்தான்! 1930ல் கானடா தேசத்து ஹாமில்டனில் நடந்த முதற் பந்தயத்திலேயே இவ்வாட்டம் இடம் பெற்றது. நாமோ 2010ல், டில்லியில் பந்தயம் நடந்தபோதுதான் களத்தில் இறங்கினோம். பன்னிரண்டே வருஷங்களில், தென்னாப்பிரிக்க அணியை 17க்கு 10 என்று வென்றோம்.

அந்நால்வரில் ஒருவர் அஸ்ஸாமைச் சேர்ந்த நயன்மோனி சைக்கியா. இவர் முதலில் பளு தூக்கும் வீராங்கனை. காலில் காயம் பட்டு அந்த வழி அடைபட்டது. 'விளையாடியது போதும்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல், பலத்தைவிட நிதானத்தை வேண்டும் இவ்வாட்டத்துக்கு மாறினார். அஸ்ஸாம் வன இலாகாவில் உத்தியோகமும் கிடைத்தது. 2022ஆம் வருஷத்து அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது. அவருடன் ஆடிய லவ்லி சௌபே ஜார்க்கண்டுப் போலீஸில் பணி புரிந்தவர். பிங்கி சிங், எம்மைப் போல் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்.

எம் மாணவி ஒருத்தி கபடியில் கெட்டிக்காரி. முழங்கால் வீங்கிய மறுநாளே தகப்பனார் வந்து பெயரை அடிக்கச் சொன்னார். "கால் ஊனமானால் நாளைக்கு யார் ஐயா கட்டிக்கொள்வார்கள்?" என்றார். அவர் கவலையை நாம் பரிகசிக்கவில்லை. மணலி ஆலைகளில் ஷிப்டு பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே.

ஆனால் காலுக்கு வைத்தியம் உண்டு; அணைந்துபோன உற்சாகத்துக்கு வைத்தியம் ஏது? ஓர் ஆட்டம் கைவிட்டால் வேறோர் ஆட்டத்தைக் காட்டுவது நம் கடமை. அதற்குப் புல்தரைகூட வேண்டியதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் பள்ளி மைதானத்தைப் பெண் குழந்தைகளுக்கென்று விட்டுவைத்தால் போதும். பந்து கோணலாய் ஓடினாலும் சேர வேண்டிய இடத்தில் சேரும். முதலில் அதைக் கையிலிருந்து விட வேண்டும்.