கன்பெரா யுனைற்றெட்டுக்கு ஓர் ஆண்கள் கழகம் தேவையா?

அவுஸ்திரேலியாவின் தேசிய மகளிர் உதைபந்தாட்ட லீக்கில், எந்தவோர் ஆண்கள் அணியையும் சாராது தனித்து நின்று வந்த கழகம் கன்பெரா யுனைற்றெட் ஒன்றே. ஏனையவை யாவும் ஆண்கள் கழகங்களின் பெயரையும் சீருடையையும் தாங்கி வருபவை. 2008ஆம் ஆண்டில் அந்த லீக் எட்டு அணிகளுடன் ஆரம்பமானபோது தலைநகரில் ஆண்களுக்கெனத் தொழில்முறை உதைபந்தாட்ட அணி எதுவும் இருக்கவில்லை. எனவே பிராந்திய உதைபந்தாட்டத்தை நிருவகிக்கும் கப்பிற்றல் புட்போல் என்னும் அமைப்பே இக்கழகத்தைத் தோற்றுவித்தது. பிராந்திய அரசும் கைகொடுத்தது. அன்றுதொட்டு ஓர் ஆட்டப்பருவமேனும் தவறாது இக்கழகம் களம் கண்டு வந்துள்ளது. இத்தனித்துவம் போற்றப்படவேண்டிய ஒன்று. ஆயின், அண்மைக் காலத்தில் இதுவே அக்கழகத்தின் பிறவிக்குறை போலப் பேசப்படுகின்றது. ஆண்கள் கழகமொன்றின் நிழல் இன்மையாலேயே கன்பெரா யுனைற்றெட் நலிவுற்றது என்றும், அத்தகைய நிழல் கிட்டினாலன்றி அதற்கு உய்வில்லை என்றும் கூறப்படுகின்றது. இக்கூற்று தவறானது என்பதோடு, நோய்க்குக் காரணமானதையே மருந்தெனத் தருவதுமாகும்.

முதலில் நடந்தவற்றை நோக்குவோம். 2023ஆம் ஆண்டு மார்ச்சில், ஓக்லாந்து, கன்பெரா ஆகிய இரு நகரங்களுக்கும் ஆண்கள் லீக் விரிவாக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஓக்லாந்துக்குச் செல்வந்தர் ஒருவர் கிடைத்தார். 2024இல் அந்நகரின் அணி களமிறங்கிற்று. கன்பெராவுக்கு அவ்வாறு எவரும் வந்து சேரவில்லை. இதற்கிடையில் கப்பிற்றல் புட்போல் அமைப்பின் நிதி முடையினால், 2024இலும் 2025இலும், அடுத்த பருவத்தில் மகளிர் அணி ஆடுமா என்ற ஐயம் பகிரங்கமாகவே எழுந்தது. அவ்வேளைகளிலெல்லாம் நீண்டகாலப் பரிகாரமாகச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: ஆண்கள் அணிக்கு உரிமையாளர் ஒருவர் வருவார், அவர் பெண்கள் அணியையும் பொறுப்பேற்பார். அதாவது, பதினேழு ஆண்டுகளாக ஆடிவரும் பெண்கள், இன்னமும் பிறவாத ஓர் ஆண்கள் அணி தம்மைக் கைப்பிடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும்! நம்மூர்க் கலியாணத் தரகரும் பிறவாத மாப்பிள்ளைக்குச் சாதகம் பார்க்கத் துணியார்.

சரி, ஆண்கள் கழகத்தின் நிழல் பெண்களைக் காத்ததுண்டா? சென்ற்றல் கோஸ்ற் மரினேர்ஸ் கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க விடை பகரும். 2008இல் லீக் ஆரம்பித்தபோது அக்கழகத்துக்கும் மகளிர் அணி ஒன்று இருந்தது. இரண்டே பருவங்களின் பின் பணமில்லை என்று கூறி அவ்வணி நிறுத்தப்பட்டது. ஆண்கள் அணி நிறுத்தப்படவில்லை. 2013ஆம் ஆண்டில் அது தேசிய வாகையும் சூடிற்று. கழகம் வாகை சூடிய அந்நாளிலும் பெண்களுக்கெனச் சட்டைப்பையில் ஒரு சதம் இருக்கவில்லை போலும். மகளிர் அணி மீண்டும் உருவாக்கப்பட 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. மீண்டு வந்த அவ்வணி தனது இரண்டாவது பருவத்திலேயே, 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், மெல்பேர்ண் விக்ரறியை வென்று தேசிய வாகை சூடியது! ஆற்றல் இல்லாமையால் அப்பெண்கள் பத்தாண்டுக்கு மேலாக ஒதுக்கி வைக்கப்படவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? செலவைக் குறைக்க வேண்டுமென்று கணக்கேடு விரிக்கப்படும்போது முதலில் வெட்டப்படும் கிளை பெண்கள் அணியே என்பதை மரினேர்ஸ் கழகம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியுள்ளது.

வெஸ்ரேர்ண் யுனைற்றெட் கழகத்தின் கதை வேறுவிதமானது. ஆயின் முடிவு ஒன்றே. அதன் மகளிர் அணி 2022–23இல் முதன்முறையாக லீக்கில் பங்குபற்றி அப்பருவத்திலேயே இறுதியாட்டம் வரை முன்னேறியது. ஆனால் கழகத்தின் நிதி நிலை சீர்குலைந்தபோது, 2025–26 பருவத்துக்கு ஆண்கள் அணியோடு பெண்கள் அணியும் ஒருங்கே களத்தினின்று நீங்கியது. கடன்களுக்கும் அப்பெண்களுக்கும் என்ன தொடர்பு? பெருமரத்தின் கீழ் நிற்பவர்களுக்கு நிழல் கிட்டும் என்பது உண்மை. மரம் சாயும்போது அவர்கள்மேலேயே சாயும் என்பதும் உண்மை.

இவற்றோடு கன்பெராவின் சாதனையை ஒப்பிடுக. 2011–12 பருவத்தில் ஓர் ஆட்டத்திலேனும் தோல்வியுறாது, இறுதியாட்டத்தில் பிறிஸ்பேன் றோரை 3–2 என வென்று வாகை சூடிற்று. பயிற்றுநராக விளங்கியவர் ஜிற்கா கிளிம்கோவா என்னும் செக் நாட்டுப் பெண்மணி. ஆடிய இடம் மக்கெலர் பார்க் என்னும் புறநகர்ச் சிறு மைதானம். 2014இல் மறுபடியும் வாகை. இக்கழகத்தின் நீண்டகால முன்னணி வீராங்கனையான மிஷெல் ஹேமன், தேசிய மகளிர் லீக்கில் நூறு கோல்களைப் பெற்ற முதலாமவர். ஐந்தாண்டுகள் தேசிய அணிக்குப் புறத்தே இருந்த அவர், 2024 பெப்ரவரியில் தமது முப்பத்தைந்தாவது வயதில் மீண்டும் அழைக்கப்பட்டு, உஸ்பெகிஸ்தானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் நான்கு கோல்களை அடித்தார். அவரை அந்நிலையில் வைத்திருந்தது எந்த ஆண்கள் கழகத்தின் கொடையுமன்று.

இனி, இவ்வாதத்தின் அடியில் மறைந்து கிடக்கும் பெரிய வாதத்துக்கு வருவோம். பார்வையாளர் வந்தால் வருவாய் வரும், வருவாய் வந்தால் ஊதியம் வரும், இது சந்தையின் விதி, இதில் பாரபட்சம் எங்கே உள்ளது என்பர். சந்தை வானத்திலிருந்து விழுந்ததாக எண்ணுவோர் கூற்று இது. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் கூடிசன் பார்க் மைதானத்தில், தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டமொன்றைக் காண 53,000 பேர் திரண்டனர். சந்தையின் விதி அன்று பெண்களின் பக்கமே நின்றது. ஓராண்டுள், 1921 டிசம்பரில், இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் தனது மைதானங்களைப் பெண்களுக்குத் தடைசெய்தது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அத்தடை நீடித்தது. அதே 1921இல் பிறிஸ்பேன் நகரில் இரு மகளிர் அணிகள் ஆடியபோது ஏறத்தாழ பத்தாயிரம் பேர் காண வந்தனர். அந்தப் பத்தாயிரம் பேரின் பேரப்பிள்ளைகள் மைதானத்துக்கு வராதது பற்றி இன்று நமக்குப் பொருளியல் போதிக்கப்படுகின்றது.

இன்னும் அண்மையில் நிகழ்ந்ததொன்று: அவுஸ்திரேலியாவில் ஆண்களின் பழைய தேசிய லீக்கும் பெண்களின் பழைய தேசிய லீக்கும் 2004ஆம் ஆண்டிலேயே முடிவடைந்தன. ஆண்களுக்கு மறுவருடமே புதிய லீக் தயார். பெண்களுக்கு 2008 வரை எதுவுமில்லை. பின்னர் தோன்றிய மகளிர் லீக்கிலும், குறைந்தபட்ச ஊதியம் 10,000 டொலர் என்று கூட்டு ஒப்பந்தமொன்று நிர்ணயித்தது 2017இலேதான். 2023–24இல் அது 35 வாரங்களுக்கு 25,000 டொலராக உயர்ந்தது. அப்பருவத்திற்கூட வீராங்கனைகளுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் பிற வேலைகளும் செய்தே பிழைத்தனர். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவளை நோக்கி, உன் ஆட்டத்தின் தரம் போதாது, ஆதலால் ஊதியம் போதாது என்பது எவ்வகை நியாயம்?

2023ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலிய மகளிர் இங்கிலாந்துடன் ஆடிய அரையிறுதியை மைதானத்தில் 75,784 பேர் கண்டனர். தொலைக்காட்சியில் அது பெற்ற சராசரிப் பார்வையாளர் தொகை 70 இலட்சத்தைத் தாண்டியது. 2001இல் தற்போதைய அளவீட்டு முறை தொடங்கியபின் அந்நாட்டில் எந்நிகழ்ச்சியும் எட்டாத தொகை அது. கேள்வி இல்லை என்று இனியும் கூறுவோர் கூறட்டும். அப்போட்டியை நடத்தியவர்களுக்கும் ஒளிபரப்பியவர்களுக்கும் கிடைத்த பலன் கன்பெரா போன்ற கழகங்களின் பெட்டியை வந்தடையவில்லை என்பதே உண்மையான பிரச்சினை. இது பங்கீட்டின் பிரச்சினை. பாலின் பிரச்சினையாக அதற்கு வேடமிடப்படுகின்றது.

எதிர்த்தரப்பாரின் வலுவான சான்றையும் மறைத்தல் நேர்மையாகாது. மெல்பேர்ண் சிற்றியின் மகளிர் அணி, ஆண்கள் அணிக்குரிய பயிற்சிக் களத்தையும் மருத்துவ வசதியையும் பகிர்ந்து கொண்டு, 2015–16ஆம் ஆண்டுத் தனது முதற் பருவத்தின் எல்லா ஆட்டங்களையும் வென்றது. மறுக்கவில்லை. ஆனால் இதனால் நிறுவப்படுவது யாது? பணமும் வசதியும் கொடுத்தால் பெண்கள் வெல்வர் என்பதே. அப்பணம் ஓர் ஆண்கள் அணியின் வழியாகத்தான் வரவேண்டும் என்பது இதனால் எவ்வாறு பெறப்படும்? கன்பெராவின் பிராந்திய அரசு, சிட்னியைத் தளமாகக் கொண்ட ஜயன்ற்ஸ் கழகத்தின் ஆண்கள் அணி ஆண்டுக்கு ஒருசில ஆட்டங்களைத் தலைநகரில் ஆடும்பொருட்டு, 2012இலிருந்து நீண்டகால ஒப்பந்தத்தின் கீழ் மில்லியன் கணக்கில் டொலர்களை வழங்கி வந்துள்ளது. விருந்தாளிக்குப் பத்தாண்டுக்கு ஒப்பந்தம். வீட்டுப் பெண்ணுக்கோ வருடந்தோறும் மனு.

விளையாட்டே முதலாளித்துவத்தின் கேளிக்கை, அதில் பெண்ணுக்குச் சமபங்கு கேட்பது சுரண்டலில் சமபங்கு கேட்பதேயாகும் என்று நம்மிடையே உள்ள தீவிர நண்பர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஊதியப் பிணக்கின் காரணமாக அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் புறக்கணித்துத் தொழிற்சங்கத்தின் பின்னே அணிவகுத்தவர்கள் இதே அவுஸ்திரேலிய வீராங்கனைகள்தாம். நான்காண்டுகளின் பின், 2019 நவம்பரில், தேசிய அணி மட்டத்தில் ஆண்களுக்கு நிகரான வருவாய்ப் பங்கை ஒப்பந்தத்தில் எழுதுவித்தவர்களும் அவர்களே. வேலைநிறுத்தம் பற்றி எழுதுவோர் பலர்; செய்து வென்றோரிடம் அவர்கள் கற்கவேண்டியது சிறிதேனும் இருக்கும்.

கன்பெரா யுனைற்றெட்டுக்கு வேண்டுவது பல்லாண்டு நீடிக்கும் பொது நிதி உறுதி, ஒளிபரப்பு வருவாயில் நேரடிப் பங்கு, வீராங்கனைகளுக்கும் உறுப்பினருக்கும் நிருவாகத்தில் ஆசனம். ஆண்கள் அணி ஒன்று பின்னொருகால் அந்நகருக்கு வருமாயின் வரட்டும். பதினேழாண்டு மூத்த கழகத்திடம் வந்து அதுவே இடம் கேட்கட்டும்.