தகுதி எந்தத் திண்ணையில் விளைகிறது?

‘இன்னா தோழர், போராட்டத்த வுட்டுட்டு டியூசன் வாத்தியாரா ஆயிட்டீங்களாமே?’ ராயபுரம் டீக்கடையில் ஒரு தோழர் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருக்கான பதில்தான் இது.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அப்பா இல்லை. அம்மா கண்டெய்னர் யார்டில் கூட்டிப் பெருக்குகிறார். கணக்கில் 100க்கு 35 எடுத்தால் பாஸ். அவள் 11, 14 என்று நின்றாள். ‘மக்கு’ என்பது பள்ளிக்கூடம் கொடுத்த பட்டம். முதல் நாள் எதிரில் உட்காரவைத்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.

‘அரைக் கொடம் தண்ணி இருக்குது. அதுல இன்னும் ஊத்துனா கொறையுமா?’

‘அய்ய, எப்டிண்ணா கொறையும்?’

‘அஞ்சுல ரெண்டுன்னா பாதிக்கும் கம்மியாச்சே?’

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். அழித்தாள். ஆறாம் வகுப்பில் அம்மா படுத்துவிட, தம்பியைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்திருக்கிறாள். பின்னம் நடத்தியது அப்போதுதான். நான்கு வருடமாக அந்தப் பள்ளத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஐம்பது பேர் வகுப்பில் தெரியாது. எதிரில் ஒருத்தர் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தெரிகிறது.

நான் கேட்கிறேன்: அப்படி எதிரில் உட்கார ஆள் யார் வீட்டில் இருக்கிறார்கள்? தலைமுறை தலைமுறையாகப் படித்த வீடுகளில் தாத்தா இருக்கிறார், அத்தை இருக்கிறார், காசுக்கு வரும் வாத்தியார் இருக்கிறார். அந்த மணிநேரங்களையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்குப் பெயர்தான் ‘தகுதி’. அது ரத்தத்தில் ஊறியது என்பது பார்ப்பனியம் சொன்ன பொய். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே வினாத்தாள்தான்.

அண்ணல் அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் பரேலில், மில் தொழிலாளர்கள் நடுவே, ஒற்றை அறை. இரவு இரண்டு மணிக்கு அப்பா ராம்ஜி எழுப்பிவிடுவார். மகன் உட்கார்ந்து படிப்பார். கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தன் புத்தகங்களைக் கொடுத்தார். 1907ல் மெட்ரிக் தேறினார். அந்த மேதைக்கே பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது.

இந்த மணிநேரம் இன்றைக்குச் சரக்கு. ஆசிரியர்கள் தனியாக டியூசன் எடுக்கக்கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. கடை திறந்தே இருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். அது செல்லாது என்றது நீட். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். பயிற்சி மையத்துக்குக் காசு கட்டுகிறவர்களுக்கே நீட் வழிவிடுகிறது என்று 2021ல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவும் சொன்னது. துரோணன் சொல்லிக்கொடுக்காமலே கட்டைவிரலைக் கேட்டான். இவன் பீஸைக் கேட்கிறான். கட்ட முடியாதவனுக்கு விரல் இருந்தும் என்ன பயன்?

அரசு? 2021ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையின் இல்லத்தைத் தேட ஆளில்லை.

ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தால் சாதி ஒழிந்துவிடுமா என்கிறீர்கள். ஒழியாது. என் டியூசன் பள்ளிக்கூடத்தின் குற்றத்தை மூடி மறைக்கவும் கூடாது. போதிய ஆசிரியர் கேட்டுத் தெருவில் நிற்போம், நானும் வருகிறேன். ஆனால் நாம் ஜெயிக்கிற வரைக்கும் மார்ச் மாதம் காத்திருக்காது. இது தர்மம் இல்லை. அதனால் காசும் இல்லை. நமக்கு மறுக்கப்பட்டதை நமக்குள் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்கிறோம். இதுவும் போராட்டம்தான்.

அவள் இப்போது 41 எடுக்கிறாள். வரும் மார்ச்சில் எழுதப்போகிறாள். உங்க தெருவுல இந்த வருசம் பத்தாவது எழுதுறது யாரு தோழர்? பேராவது தெரியுமா?