தார்ப்பாய்க்கும் தேய்மானம் உண்டு

பி.காம். படிக்கிறவனிடம் எதைக் கொடுத்தாலும் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பான். இதுவும் அப்படி ஒரு கணக்குதான். விஷயம் மட்டும் கொஞ்சம் கனமானது. வீடிழந்து வருகிறவர்களுக்குக் கூரையும், பாயும், பாத்திரமும் கொடுப்பது பற்றி.

"பணம் இல்லை" என்ற பேச்சு இப்போது உலகம் முழுக்கக் கேட்கிறது. 2025ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதும், ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைக்க வேண்டி வந்தது. பணக் குறைவு உண்மைதான். ஆனால் இருக்கிற பணத்துக்கு எழுதுகிற கணக்கும் சரியில்லை என்பது என் கட்சி.

கம்பெனி ஒரு மெஷின் வாங்கினால் அதன் ஆயுள் எத்தனை வருடம் என்று முதலிலேயே எழுதிவிடுவோம். வருடாவருடம் தேய்மானம் கழிப்போம். முடிந்தால் புதிது வாங்கத் தனியாக நிதியும் சேர்ப்போம். முகாம் கொட்டகைக்கு மட்டும் இந்தக் கணக்கே கிடையாது. 'தற்காலிகம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் வேலை முடிந்தது! கூரை என்பது ஒரு தடவையோடு தீர்கிற செலவில்லை என்று எங்கள் கொல்லிமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐப்பசி மழை அதைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

நம் ஊர்க் கணக்கையே பார்ப்போம். 1983 முதல் 2012 வரை இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழகத்துக்கு அகதிகளாக வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். ஆனாலும் 2021ல் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தியிலும் முகாம் உண்டு. 'தற்காலிகம்' பலருக்கு முப்பது வருடம் நீண்டுவிட்டது.

2021 ஆகஸ்டில் சட்டசபையில் இவர்களுக்காக 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி. எரிவாயு இணைப்பும் சமையல் பாத்திரங்களும் அதே அறிவிப்பில் இருந்தன. வகுத்துப் பாருங்கள்: ஒரு வீட்டுக்கு 3.10 லட்சம். அந்த வீடு 30 வருடம் நின்றால் மாதத்துக்கு 861 ரூபாய். தலைக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கு! பணமில்லை என்று தள்ளிப்போட்ட செலவு இவ்வளவுதான்.

"இன்று ராத்திரி மழையில் நிற்கிறவனுக்கு மூன்று லட்ச ரூபாய் வீடா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று ராத்திரிக்குத் தார்ப்பாய்தான். ஆனால் அது கிழிகிற தேதியையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும், மாற்றுவதற்கான பணத்தோடு. பாத்திரத்துக்கும் போர்வைக்கும் அதே கணக்கு. ரேஷன் அரிசி இருந்தும் பானை ஓட்டை என்றால் பசி எப்படித் தீரும்?

இன்னொரு வாதமும் உண்டு. "நல்ல வீடு கட்டிக் கொடுத்தால் திரும்பிப் போகவே மாட்டார்கள்." வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் பக்கம் 2017ல் வந்து சேர்ந்த ரோஹிங்கியா மக்களுக்கு மூங்கிலும் தார்ப்பாயுமே வீடானது இந்தப் பயத்தால்தான். விளைவு? மழைக்காலம் தோறும் ரிப்பேர் செலவு. ஒழுகுகிற கூரை யாரையும் ஊருக்கு அனுப்பி வைத்ததில்லை. சொந்த ஊரில் உயிருக்குப் பயமில்லை என்றால்தான் திரும்புவார்கள். அதுவரை ஒழுகலைச் சகித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கையில் பணம் குறைவாக இருக்கிறவன்தான் அடிக்கடி கிழிகிற பொருளை வாங்கக் கூடாது. இது நம் அம்மாக்களுக்குத் தெரிந்த பொருளாதாரம். நிவாரண பட்ஜெட் போடுகிறவர்கள் 'தற்காலிகம்' என்று எழுதும்போது, பக்கத்தில் 'எத்தனை வருடத்துக்கு?' என்று ஒரு காலம் சேர்த்துக்கொள்ளட்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், பற்று எழுதப்படுவது அந்தக் கூரைக்குக் கீழே வளர்கிற பிள்ளைகளின் கணக்கில்தான்.