மறுப்பதற்காகக் காப்பாற்றியவர்கள்

மேலைத் தத்துவம் பிறந்த துறைமுகத்துக்கு இப்போது கடல் இல்லை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், மியாண்டர் ஆறு நூற்றாண்டுக் கணக்கில் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மிலேட்டஸ் நகரத்தின் துறைமுகங்களை மூடிவிட்டது. கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இது கருங்கடல் கரையெங்கும் குடியேற்றங்களை நிறுவி, எகிப்தோடு வணிகம் நடத்திய செல்வ நகரம். இங்கே வாழ்ந்த மூன்று பேரிடமிருந்துதான் தத்துவ வரலாற்று நூல்கள் தொடங்குகின்றன: தேலீஸ், அனாக்ஸிமாண்டர், அனாக்ஸிமினிஸ்.

எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார் முதலாமவர். எல்லையற்ற, பெயரிட முடியாத ஒன்று என்றார் இரண்டாமவர். காற்று என்றார் மூன்றாமவர். படிக்கும் மாணவருக்கு நியாயமான ஒரு சந்தேகம் வரும். மூன்றில் எதையும் இன்று யாரும் ஏற்பதில்லையே, பின் எதற்கு இந்த மரியாதை?

நீரிலிருந்து உலகம் பிறந்தது என்பதுகூடப் புதிய செய்தியல்ல. எகிப்தியரும் பாபிலோனியரும் அதைத் தங்கள் படைப்புக் கதைகளில் முன்பே சொல்லியிருந்தார்கள். புதிய விஷயம் அடுத்த தலைமுறையில் நடந்தது. பூமி நீரின்மேல் மரக்கட்டையைப் போல மிதக்கிறது என்பது தேலீஸின் கருத்து. அப்படியானால் அந்த நீரைத் தாங்குவது எது? தேலீஸின் மாணவர் என்று மரபு சொல்லும் அனாக்ஸிமாண்டர், தாங்குவதற்கு எதுவுமே தேவையில்லை என்று முடித்துவிட்டார். தூணின் ஒரு துண்டைப் போன்ற பூமி, எல்லாத் திசைகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் போகவும் காரணமில்லை. அந்தப் பக்கம் போகவும் காரணமில்லை. ஆகவே அது அந்தரத்தில் நிற்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறும் யோசனையால் எட்டிய இடம் இது.

அடுத்து வந்த அனாக்ஸிமினிஸுக்கு இது பிடிக்கவில்லை. தட்டையான பூமியைக் காற்று தாங்குகிறது என்று பின்வாங்கினார். ஆனால் வேறொரு கேள்வியை முன்வைத்தார்: ஒரு பொருள் மற்றொன்றாக மாறுவது எப்படி? காற்று அடர்ந்தால் மேகம், நீர், மண். தளர்ந்தால் நெருப்பு என்று விடையும் சொன்னார். மூன்று பேரும் ஒரே ஊர், ஒரே மரபு. ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். அதற்காக யாரும் விலக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. குருவின் சொல்லைக் காப்பதைவிட அதைத் திருத்துவது மேல் என்ற வழக்கம் இங்கேதான் தொடங்கியது என்று 1958இல் ஓர் உரையில் வாதிட்டார் கார்ல் பாப்பர்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இந்த மூவரின் நூல்களில் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை. பிறகு எப்படித் தெரியும்? பெருமளவுக்கு, அவர்களை மறுத்தவர்கள் எழுதிவைத்ததால்தான். சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில், தன் கருத்தைச் சொல்லும் முன் முன்னோர்களின் கருத்துகளை வரிசையாக அடுக்குவார். நம் சாஸ்திரங்களில் பூர்வபட்சம் என்பார்களே, அதைப் போல. அந்தரத்தில் நிற்கும் பூமியைப் பற்றிய வாதம் சாமர்த்தியமானது, ஆனால் உண்மையல்ல என்பது அவர் தீர்ப்பு. பசியும் தாகமும் சமமாக உள்ள ஒருவன், சோற்றுக்கும் தண்ணீருக்கும் சம தூரத்தில் நின்றால் அசையாமலே நிற்பானா என்று கேலியும் செய்கிறார்.

அரிஸ்டாட்டிலுக்குப் பூமி பிரபஞ்சத்தின் மையத்தில் அசையாமல் இருந்தாக வேண்டும். அந்த விஷயத்தில் தோற்றவர் அவர்தான். ஆனால் தான் தவறென்று கருதிய வாதத்தைக் காரணத்தோடு சேர்த்து எழுதிவைத்தார். அதனால்தான் அது நம் கைக்கு வந்தது.

அவர் நடுநிலையான பதிவாளர் அல்ல. முன்னோர் எல்லோரும் தன் தத்துவத்தை நோக்கித் தட்டுத்தடுமாறி வந்தவர்கள் என்பது அவர் எண்ணம். அவர்கள் தேடியதை ‘ஆர்க்கே’ என்ற சொல்லால் குறிக்கிறார். கிரேக்கத்தில் அதற்குத் தொடக்கம் என்றும் பொருள், ஆட்சி என்றும் பொருள். மொழிபெயர்ப்பாளரைத் திணறடிக்கும் சொல். ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டியிருக்கிறது. தமிழில் ‘முதல்’ கைகொடுக்கிறது. தொடக்கமும் அதில் இருக்கிறது, முதல்வரும் அதிலிருந்தே வருகிறார். ஆனால் தேலீஸ் இந்தச் சொல்லையா பயன்படுத்தினார்? இது அரிஸ்டாட்டிலின் சொல்லாகவும் இருக்கலாம். தேலீஸ் ஏன் நீரைத் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கும்போது அவரே ஒரு ‘ஒருவேளை’ போட்டுக்கொள்கிறார். உணவிலும் விதையிலும் ஈரம் இருப்பதைப் பார்த்து, ஒருவேளை, இந்த முடிவுக்கு வந்திருப்பார் என்கிறார். எதிராளியின் மனதில் இருந்தது தனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சொல் அது.

இன்னொரு வழியும் இருந்தது: மௌனம். அணுக்களைப் பற்றி விரிவாகப் பேசிய டெமாக்ரிட்டஸின் பெயர் பிளேட்டோவின் எந்த உரையாடலிலும் இல்லை. அவர் நூல்களை எரித்துவிட பிளேட்டோ விரும்பினார் என்றும், அவை ஏற்கெனவே பலர் கையில் இருக்கின்றன என்று சொல்லி நண்பர்கள் தடுத்தார்கள் என்றும் ஒரு பழங்கதை உண்டு. கதையை நம்ப வேண்டியதில்லை. மௌனம் மட்டும் நிஜம். டெமாக்ரிட்டஸின் நூல்களாக ஐம்பதுக்கு மேற்பட்ட தலைப்புகள் பழைய பட்டியலில் இருக்கின்றன. ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை. அவருடைய அணுக் கொள்கையை நாம் ஓரளவாவது அறிவதற்குப் பெரிதும் காரணம், அதை ஏற்காத அதே அரிஸ்டாட்டில்தான்.

கடைசியாக ஒருவர். கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் தத்துவம் கற்பிக்கத் தடை விதித்தார். வேலையிழந்து பாரசீக அரசவைக்குப் போன ஏழு தத்துவவாதிகளில் சிம்ப்ளீசியஸும் ஒருவர். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதும்போது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பார்மெனிடிஸின் கவிதையை நீளமாக எடுத்தாள்கிறார். ஏன் இவ்வளவு? நூல் அரிதாகிவிட்டது என்று அவரே காரணம் சொல்கிறார். அனாக்ஸிமாண்டரின் சொற்களாக எஞ்சியிருக்கும் ஒரே வாக்கியமும் அவருடைய உரையில்தான் கிடைக்கிறது. 1903இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் டீல்ஸ் இப்படிப்பட்ட மேற்கோள்களைப் பொறுக்கியெடுத்துத் தொகுத்தார். அந்தத் தொகுப்பே இன்றுவரை ஆய்வுகளுக்கு அடிப்படை.

கிரேக்கர்களைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. சூரியன் ஒரு தீக்கல் என்று சொன்ன அனாக்ஸகோரஸ் மீது ஏதென்ஸ் வழக்குப் போட்டது. கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தது. பெண்களும் அடிமைகளும் இந்த விவாதத்தில் அநேகமாக இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே கிணற்றில் விழுந்த தேலீஸைப் பார்த்துச் சிரித்த பணிப்பெண்ணைப் பற்றி பிளேட்டோ எழுதுகிறார். அவள் பெயரை எழுதவில்லை.

ஆனாலும் மிலேட்டஸ் விட்டுச்சென்ற பழக்கத்தின் பாதி நம்மிடம் இருக்கிறது. மறுப்பதற்கு நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. தொலைக்காட்சி விவாதங்களில் எதிராளி வாயைத் திறக்கும் முன்பே மறுத்துவிடுகிறோம். அவர் என்ன சொன்னார், என்ன காரணத்துக்காகச் சொன்னார் என்பதை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்வது மற்ற பாதி. அது இல்லாத மறுப்பில் எதிராளியின் கருத்து அழிந்துபோகிறது. நாளை நாம்தான் தவறு என்று தெரியவந்தால், திரும்பிப் போய் எடுத்துக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது.