22,895 யார்டு எடுத்தவர்தான் பெஸ்ட்டா? என்எஃப்எல் வைட் ரிசீவர்களை எப்படி வரிசைப்படுத்துவது?

ஒரே சீசனில் அதிக கேட்ச், அதிக யார்டு, அதிக டச்டவுன். மூன்றிலும் முதலிடம். 2024 சீசனில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் ஜமார் சேஸ் இதைச் செய்தார். 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன். அமெரிக்காவில் இதற்கு 'டிரிபிள் கிரவுன்' என்று பெயர். 2025 மார்ச்சில் அணி நிர்வாகம் அவரோடு நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தொகை 16.1 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,400 கோடி ரூபாய். குவார்ட்டர்பேக் அல்லாத எந்த வீரருக்கும் அதுவரை ஆண்டுக்கு இவ்வளவு சம்பளம் கிடைத்ததில்லை.

ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதே சீசனில் பந்தை எறிந்து அதிக யார்டு எடுத்த குவார்ட்டர்பேக் ஜோ பரோவும் அதே அணிதான். லீக்கின் நம்பர் ஒன் எறிபவரும் நம்பர் ஒன் பிடிப்பவரும் ஒரே டிரஸ்ஸிங் ரூமில். அப்படியிருந்தும் பெங்கால்ஸ் 9 வெற்றி, 8 தோல்வியோடு பிளே-ஆஃப் வாய்ப்பைக் கோட்டைவிட்டது.

அப்போ, ஒரு வைட் ரிசீவர் பெஸ்ட் என்று எதை வைத்துச் சொல்வது? அணியின் வெற்றியை வைத்துச் சொல்ல முடியாது. புள்ளிவிவரத்தை வைத்துச் சொல்லலாம் என்றால், அதில் பாதி பந்தை எறிந்தவருக்குச் சொந்தம். ரசிகர்கள் பொழுதுபோக்காகப் பேசும் விஷயம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. அடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை கோடி, ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா இல்லையா என்பதெல்லாம் இந்தத் தரவரிசையை ஒட்டித்தான் முடிவாகிறது.

முதலில், வைட் ரிசீவர் என்றால் யார்?

அமெரிக்கன் ஃபுட்பால் களத்தின் நீளம் 100 யார்டு. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு தருவார்கள். அதற்குள் 10 யார்டாவது முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். களத்தின் ஓரத்தில் நின்று, முன்பே பேசி வைத்த பாதையில் ஓடி, தன்னை மறிக்கும் வீரரை ஏமாற்றி, அந்தப் பந்தைப் பிடிப்பவர்தான் வைட் ரிசீவர். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன், 6 புள்ளி.

வேகமாக ஓடுவது மட்டும் போதாது. எந்த இடத்தில், எந்த நொடியில் திரும்ப வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். பல நேரம் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கிளம்பியிருக்கும்.

எட்ட முடியாத உயரத்தில் ஜெர்ரி ரைஸ்

எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் பெயர் ஜெர்ரி ரைஸ். 1985 முதல் 2004 வரை 20 சீசன். 1,549 கேட்ச், 22,895 யார்டு, பந்தைப் பிடித்து எடுத்த டச்டவுன் மட்டும் 197. இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் எடுத்தது 17,492 யார்டு. நடுவில் 5,403 யார்டு இடைவெளி. இப்படிக் கணக்கு போட்டுப் பாருங்கள்: ஒரு புது வீரர் வருடத்துக்கு 1,500 யார்டு வீதம், காயமே படாமல், தொடர்ந்து 15 வருடம் ஆடினாலும் 22,500தான் வரும். அப்போதும் ரைஸைத் தொட முடியாது.

ரைஸ் மிசிசிப்பி மாநிலத்துக் கிராமப்புறத்தில் வளர்ந்தவர். அப்பா கொத்தனார். அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துப் பழகியதுதான் அந்தக் கைகள். படித்தது மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற, கறுப்பின மாணவர்களுக்காக உருவான சிறிய கல்லூரி. ஓட்ட வேகம் சுமார்தான் என்று அணிகள் தயங்கின. 1985 டிராஃப்டில் 16வது ஆளாகத்தான் சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸ் அவரை எடுத்தது. 1987இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அவர் ஆடியது வெறும் 12 ஆட்டம். அதிலேயே 22 டச்டவுன்!

அவர் மீது வைக்கப்படும் பெரிய விமர்சனம், பந்து எறிந்தவர்கள் ஜோ மான்டானாவும் ஸ்டீவ் யங்கும் என்பது. இருவருமே ஹால் ஆஃப் ஃபேம் வீரர்கள். அப்படிப்பட்ட கையிலிருந்து பந்து வந்தால் யார்தான் பிடிக்க மாட்டார் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இருவரையும் விட்டு ஓக்லாந்து ரெய்டர்ஸுக்குப் போன பிறகு, 40 வயதைத் தொட்ட 2002 சீசனில், ரைஸ் 1,211 யார்டு எடுத்தார். அந்த வயதில் பெரும்பாலான ரிசீவர்கள் ஓய்வு பெற்று பல வருடம் ஆகியிருக்கும்.

இன்னொரு கறையும் உண்டு. கையுறையில் பசை போன்ற 'ஸ்டிக்கம்' தடவிக்கொண்டு ஆடியதை 2015இல் அவரே ஒப்புக்கொண்டார். என்எஃப்எல் அதை 1981லேயே தடை செய்துவிட்டது. 22 டச்டவுனும் பசையால் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ரைஸ் எதிர்ப்பாளர்களுக்கு அது நல்ல தீனி.

விதி மாறினால் எண்ணும் மாறும்

பழைய வீரர்களோடு இன்றைய வீரர்களை ஒப்பிடுவதில் ஒரு பெரிய சிக்கல், ஆட்டமே மாறிவிட்டது. 1978க்கு முன்பு, பந்து எறியப்படும் வரை ரிசீவரைக் களம் முழுக்க இடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் இதில் கில்லாடி. அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான், முதல் 5 யார்டுக்குப் பிறகு ரிசீவரைத் தொடக் கூடாது என்று 1978இல் விதி கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு சீசன் 14 ஆட்டத்திலிருந்து 16 ஆனது. 2021 முதல் 17.

அதனால் ஒரு சீசன் சாதனைகளைப் பார்க்கும்போது கவனம் தேவை. 2012இல் டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் 16 ஆட்டத்தில் 1,964 யார்டு எடுத்தார். 2021இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸின் கூப்பர் கப் 17 ஆட்டத்தில் 1,947. கூடுதலாக ஒரு ஆட்டம் கிடைத்தும் ஜான்சனைத் தாண்ட முடியவில்லை.

அப்படியென்றால் அந்தந்தக் காலத்துக்குள் யார் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று அளக்கலாமே? அப்படி அளந்தால் கிரீன் பே பேக்கர்ஸின் டான் ஹட்சன் எல்லோரையும் தாண்டிப் போகிறார். 1935 முதல் 1945 வரை ஆடியவர். 1942இல் 11 ஆட்டத்தில் 74 கேட்ச், 1,211 யார்டு, 17 டச்டவுன். இரண்டாம் இடத்தில் இருந்தவர் அந்தக் கேட்ச் எண்ணிக்கையில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஹட்சனின் 99 டச்டவுன் சாதனையை உடைக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிரிக்கெட்டில் பிராட்மேன் மாதிரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவசரப்படக் கூடாது. 1942 இரண்டாம் உலகப் போர்க் காலம், பல வீரர்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். அதைவிட முக்கியமான ஒன்று, 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அணி முதலாளிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. 1946இல்தான் கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் மூலம் அந்தக் கதவு திறந்தது. ஹட்சனின் 11 சீசனும் அந்தக் கதவு மூடியிருந்த காலத்துக்குள் வருகிறது. அது அவருடைய தவறல்ல. ஆனால் ரைஸும் மாஸும் அன்றைக்குப் பிறந்திருந்தால் அவரோடு போட்டி போடவே முடிந்திருக்காது என்பதை எந்த எண்ணும் காட்டாது.

மாஸா, ஓவன்ஸா?

ரைஸுக்கு அடுத்த இடத்துக்குத்தான் உண்மையான சண்டை. ராண்டி மாஸ்: 15,292 யார்டு, 156 டச்டவுன். டெரல் ஓவன்ஸ்: 15,934 யார்டு, 153 டச்டவுன். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசம் எதிரணி என்ன செய்தது என்பதில் இருக்கிறது. 1998இல் அறிமுக வீரராக மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு ஆடிய மாஸ், கிரீன் பே அணியைப் பந்தாடினார். அடுத்த டிராஃப்டில் கிரீன் பே எடுத்த முதல் மூன்று பேருமே பின்களத் தடுப்பாளர்கள். ஒரே ஒரு ஆளை நிறுத்துவதற்காக ஒரு அணி தன் திட்டத்தையே மாற்றியது. மாஸை மறிக்க இரண்டு பேர் போனால் மற்ற ரிசீவர்களுக்கு வழி திறக்கும். அந்த யார்டெல்லாம் மாஸ் கணக்கில் வராது. ஆள் மேலே எகிறிப் பந்தைப் பறிப்பதற்கு 'மாஸ்டு' என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு வீரரின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது!

குவார்ட்டர்பேக்தான் ரிசீவரை உருவாக்குகிறார் என்ற வாதத்துக்கும் மாஸிடம் பதில் உண்டு. ரெய்டர்ஸில் இரண்டு வருடம் மங்கிக் கிடந்தவரை, 2007இல் நான்காம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றைக் கொடுத்து நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் வாங்கியது. அந்த வருடம் மாஸ் 23 டச்டவுன், இன்றும் சாதனை. எறிந்த டாம் பிரேடிக்கு 50. அதற்கு முன் பிரேடி ஒரு சீசனில் அதிகபட்சமாக எறிந்தது 28. யார் யாரை உயர்த்தினார்கள்?

ஓவன்ஸ் கதை வேறு. 2004 டிசம்பரில் கால் எலும்பு முறிந்தது. ஏழே வாரத்தில் சூப்பர் பவுலில் இறங்கி 9 கேட்ச், 122 யார்டு. அவரைவிடத் துணிச்சலான ஆட்டம் அந்த மேடையில் அபூர்வம். ஆனால் சக வீரர்களோடு ஓயாத தகராறு, கைக்கு வந்த பந்தை நழுவவிடும் பழக்கம். ஹால் ஆஃப் ஃபேம் வாக்காளர்கள், பெரும்பாலும் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள், இரண்டு முறை அவரை நிராகரித்தார்கள். மூன்றாவது முறை, 2018இல், தேர்வானார். அவரோ விழாவுக்கே போகாமல் தான் படித்த சட்டனூகா பல்கலைக்கழகத்தில் தனியாக விழா நடத்திக்கொண்டார். அதே 2018இல் மாஸ் முதல் வாய்ப்பிலேயே உள்ளே. களத்துக்கு வெளியே நடந்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதுதான் விதி. ஓவன்ஸ் விஷயத்தில் அது பின்பற்றப்பட்டதாக நம்புவது கஷ்டம். இருந்தாலும் ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும் மாஸ் ஒரு படி மேலேதான்.

மோசமான அணியில் மாட்டியவர்கள்

2008இல் டெட்ராய்ட் 16 ஆட்டத்திலும் தோற்றது. அந்த அணியில் ஆடிய கால்வின் ஜான்சன் 1,331 யார்டு, 12 டச்டவுன். ஒன்பதே சீசன் ஆடி 30 வயதில் ஓய்வு பெற்றவர். மொத்த யார்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் எங்கோ கீழே கிடப்பார். வாக்காளர்கள் 2021இல் முதல் முறையே தேர்வு செய்தார்கள். 1,101 கேட்ச், 130 டச்டவுன் எடுத்த கிரிஸ் கார்ட்டரையோ 2013 வரை காக்க வைத்திருந்தார்கள்.

ஃபிட்ஸ்ஜெரால்டும் இந்த ரகம்தான். 17 சீசனும் அரிசோனா கார்டினல்ஸுக்கே ஆடினார். குவார்ட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்தாலும் அவர் கேட்ச் குறையவில்லை. மாஸுக்கு அடுத்து அவரை வைக்கலாம்.

இன்றைய போட்டி: சேஸா, ஜெஃபர்சனா?

2019இல் எல்எஸ்யூ கல்லூரி அணி தேசிய சாம்பியன் ஆனபோது சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஒன்றாக ஆடினார்கள். எறிந்தவர் அதே ஜோ பரோ. 2020 டிராஃப்டில் பிலடெல்பியா 21வது இடத்தில் வேறொரு ரிசீவரை எடுக்க, அடுத்த இடத்தில் ஜெஃபர்சன் மின்னசோட்டாவுக்குக் கிடைத்தார். முதல் ஐந்து சீசனில் 7,432 யார்டு. அந்தக் காலகட்டத்தில் வேறு எந்த ரிசீவரும் இவ்வளவு எடுத்ததில்லை. 2024 ஜூனில் நான்கு ஆண்டுக்கு 14 கோடி டாலர் ஒப்பந்தம். ஒன்பதே மாதத்தில் சேஸ் அதைத் தாண்டினார்.

சம்பளத்தில் சேஸ் முன்னால். ஆனால் 2024 வரையிலான கணக்கை வைத்துப் பார்த்தால் ஜெஃபர்சன் பக்கம்தான் தராசு சாய்கிறது. சேஸுக்குக் கல்லூரியிலிருந்து பெரும்பாலும் பரோவே எறிகிறார். ஜெஃபர்சனுக்கு 2023இல் மட்டும் நான்கு பேர் மாறி மாறி எறிந்தார்கள். காயத்தால் 10 ஆட்டம்தான் ஆடினார். அப்போதும் 1,074 யார்டு வந்தது.

இத்தனை கோடி கொட்டினாலும் ஒரு கௌரவம் மட்டும் ரிசீவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. அசோசியேட்டட் பிரஸ் தரும் 'சீசனின் மதிப்புமிக்க வீரர்' விருதை இதுவரை ஒரு வைட் ரிசீவர்கூட வாங்கியதில்லை, ரைஸ் உட்பட. சேஸ் டிரிபிள் கிரவுன் அடித்த 2024லும் அது பஃபலோவின் ஜோஷ் ஆலனுக்குத்தான் போனது. அவர் ஒரு குவார்ட்டர்பேக்.